நட்டம் யார் தலையில்?

(திருத்தணியில் வணிகர்களும், புதிதாகத் தொழில் தொடங்க முனையும் இளைஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழில் தொடங்குகிற எவரும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியின் முன்னால் போய் நிற்கிறார்கள். கொஞ்சம் பொய் சொல்லாமல் தொழில் நடக்குமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரே ஒரு விசைத்தறியோடு தொடங்குகிறவர், நூல் வியாபாரியிடம் போய், "நாலு தறி ஓடுது, நூலைக் கடனா கொடுங்க" என்கிறார். நூறு பேருக்கு மேல் சமைத்தறியாத சமையல்காரர், ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கு, "செஞ்சிடலாம்ண்ணா, நமக்குப் பழக்கம்தான்" என்று முன்பணம் வாங்குகிறார். புதுக் கடைக்காரர் முன்தட்டில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, சரக்கு நிறைந்திருப்பதுபோல் காட்டுகிறார். தானே முதலாளி, தானே கணக்கர், தானே எடுபிடி என்றிருக்கும் இளைஞர், "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்கிறார். கடன் மனு இன்னும் மேசையை விட்டு நகராதபோதே, "பேங்க்ல லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று கூட்டாளியிடம் ஒருவர் சொல்கிறார்.

இவை எல்லாவற்றையும் பொய் என்று ஒரே மூட்டையில் கட்டித் தள்ளிவிட முடியாது. தொழில் என்றால் இப்படித்தான் என்று ஒரே வீச்சில் மன்னித்துவிடவும் முடியாது. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். என் மனத்தில் உறுதிப்பட்ட அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன சொல் நடக்காமல் போனால் அந்த நட்டம் யார் தலையில் விழும்? விழப்போவது அவருக்கு முன்பே தெரியுமா? தன் தலையில் விழும் நட்டத்தை ஏற்றுக்கொண்டு இறங்குவது துணிச்சல். தெரிந்தே தோள் கொடுக்க வந்தவரோடு அதைப் பகிர்ந்துகொள்வது கூட்டு முயற்சி. அறியாத ஒருவர் தலையில் அதை ஏற்றிவைத்துவிட்டு நான் துணிந்து இறங்கினேன் என்று மார்தட்டுவது மோசடி.

பழையனூர் சொல்லும் நியாயம்

இந்த அளவுகோலைத் தேடி நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. நம் ஊருக்கு அருகே திருவாலங்காடு. அதை ஒட்டிப் பழையனூர். பழையனூர் நீலியின் கதையை இந்தப் பகுதியில் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அது ஒரு வணிகனின் கதை என்பதையும், ஜாமீனின் கதை என்பதையும் நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

வழிப்பயணத்தில் வந்த ஒரு வணிகனை நீலி என்னும் பேய் பழி தீர்க்கத் தொடர்கிறது. பெண் உருவெடுத்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊரார் முன் அழுகிறது. இவள் என் மனைவி அல்லள், என்னைக் கொல்ல வந்தவள் என்று வணிகன் கதறுகிறான். ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேரும் நீலியின் கண்ணீரை நம்பிவிடுகிறார்கள். "அஞ்சாதே, உன் உயிருக்குக் கேடு வந்தால் எங்கள் எழுபது உயிரையும் தருகிறோம்" என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் கையில் காவலாக இருந்த வாளையும் விட்டுவிடச் செய்கிறார்கள். அன்றிரவே நீலி அவனைக் கொன்றுவிடுகிறது. விடிந்ததும் அந்த எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காத்தார்கள் என்பது கதை. அவர்கள் நினைவாக அங்கே மண்டபமும் இருக்கிறது.

இந்தக் கதையில் இரண்டு சொற்கள் பொய்த்துப் போயின. நீலி சொன்னது பொய். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. முழு நட்டமும் வணிகன் தலையில் விழுந்தது. வேளாளர்கள் சொன்னதும் நடக்கவில்லை. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை; தவறாகக் கணித்தார்கள். அந்தத் தவறின் விலை என்ன என்பதை முன்கூட்டியே ஊரறியச் சொன்னார்கள், அந்த விலையைத் தங்கள் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள். உயிரைக் கொடுப்பது சரியா என்று இந்தக் காலத்தில் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். வணிகனுக்குப் போன உயிர் திரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் நம் மக்கள் அந்த எழுபது பேரை ஏன் இத்தனை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள்? கணிப்பு பிழைப்பது மனித இயல்பு, பிழைத்த பிறகு நழுவி ஓடாமல் நிற்பதே அறம் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

1906 அக்டோபர்

கதையை விட்டு வரலாற்றுக்கு வருகிறேன். 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரே வார இடைவெளியில், தமிழ்நாட்டில் இரண்டு நிகழ்ச்சிகள். இரண்டும் பிறர் பணத்தை வைத்து நடந்த தொழில்கள் பற்றியவை.

அக்டோபர் 16. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. அதன் உயிர்நாடி வ.உ.சிதம்பரம் பிள்ளை என்ற வழக்கறிஞர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கிறார். கப்பல் கம்பெனி என்று பெயர். ஆனால் தொடங்கியபோது அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கப்பல்கூடக் கிடையாது. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். தூத்துக்குடி-கொழும்புத் தடத்தில் அதுவரை கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த வாடகைக் கப்பலும் போயிற்று. வ.உ.சி. கொழும்பில் இன்னொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். பிறகு சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டபோது, வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் விழுந்து மடிவேன் என்று சூளுரைத்தார் என்பது நாம் அறிந்த செய்தி. 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன.

இப்போது நம் கேள்வியைக் கேட்போம். கையில் கப்பல் இல்லாதபோது கப்பல் விடுவேன் என்று சொல்லி 25 ரூபாய் வாங்கினாரே, அது பொய்யா? அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது; பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் தருவதாக ஆள் பிடித்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். அதே ஆண்டு ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது பின்னர் குறைந்தது. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில் கம்பெனி தள்ளாடி, 1911இல் கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்களின் பணம் போயிற்று. அப்படியானால் வ.உ.சி. பிறர் பணத்தோடு விளையாடினார் என்று ஒருவர் சொல்லிவிடலாம். அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்காமல் நேராகவே எதிர்கொள்ள வேண்டும்.

நான் சொல்லும் பதில் இது. பங்கு வாங்கியவர்களுக்கு எதிரி யார் என்று தெரியும். ஆளும் அரசின் ஆதரவுள்ள கம்பெனியை எதிர்த்துத் தொழில் செய்கிறோம் என்பது கடைத்தெருவே அறிந்த செய்தி. ஆபத்தை யாரும் ஒளித்துவைக்கவில்லை. சொல்லப்போனால் அந்த ஆபத்தில் பங்கு கேட்டுத்தான் பலர் பணம் கொடுத்தார்கள். இது முதல் செய்தி. கப்பல் வரும் என்று சொன்னவருக்கு, கொண்டுவந்தே தீர்வது என்ற எண்ணம் உள்ளத்தில் இருந்தது, கொண்டுவரவும் செய்தார். இது இரண்டாவது. நட்டம் வந்தபோது முதல் ஆளாகவும் முழு ஆளாகவும் அதைச் சுமந்தவர் அவர். தொழில் போயிற்று, வழக்கறிஞர் உரிமம் போயிற்று, உடல்நலம் போயிற்று. 1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானவர், சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. 1936இல் காலமாகும் முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் குறித்துவைத்தார். 10 லட்சம் மூலதனத்தில் கம்பெனி கண்டவர், எண்ணெய்க் கடைப் பாக்கியையும் மறைக்காமல் எழுதிவிட்டுப் போனார். தொழிலில் தோற்றவர்தான், ஆனால் ஏமாற்றியவர் என்று அவரைச் சொல்ல எந்த நாவும் எழவில்லை.

இந்த இடத்தில் திருத்தணி மக்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. வ.உ.சி.யின் வாழ்க்கையைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்று நூலாக எழுதித் தமிழர் நினைவில் நிறுத்தியவர் ம.பொ.சிவஞானம். இயக்குநர் பந்துலு 1961இல் எடுத்த படத்துக்கும் அதுவே அடிப்படை. அதே ம.பொ.சி.தான் வடக்கெல்லைப் போராட்டத்தில் இந்த ஊருக்காக நின்றவர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்ததில் அவருக்கும் அவரோடு நின்ற இந்தப் பகுதித் தலைவர்களுக்கும் உள்ள பங்கை நீங்கள் அறிவீர்கள். அவர் எழுதிக் காத்த அந்த வாழ்க்கை, தொழில் தொடங்குகிறவர்களுக்கும் பாடநூல் என்று இந்த ஊரில் நின்று சொல்வதில் எனக்குப் பெருமை.

இனி அதே வாரத்தின் இன்னொரு முனை. அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஏறத்தாழ நூறாண்டுப் பெருமை கொண்ட ஆங்கிலேய நிறுவனம். தலைவர் 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட். ஓய்வூதியக்காரர்கள், கைம்பெண்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பங்கள் என ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பணத்தை இறக்கி, நிறுவனம் உள்ளுக்குள் எப்போதோ திவாலாகியிருந்தது. வெளியே கட்டடமும் பட்டமும் பகட்டும் அப்படியே இருந்தன. புது வைப்புத்தொகைகளையும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணம் போட்டவர்களுக்குப் போனது போனதுதான்.

தூத்துக்குடியில் கப்பல் இல்லாதவர், இல்லை என்பது தெரிய, வாங்குவோம் வாருங்கள் என்று அழைத்தார். சென்னையில் பணம் இல்லாதவர், இருப்பதுபோல் காட்டி, கொண்டுவந்து கொடுங்கள் என்றார். இரண்டு நிறுவனங்களும் அழிந்தன. முன்னதில் பணம் இழந்தவர் ஒரு போராட்டத்தில் பங்கு கொண்டவர். பின்னதில் பணம் இழந்தவர் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய்த் தள்ளப்பட்டவர். அந்தக் காயத்திலிருந்துதான், வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. நம்பிக்கை ஒருமுறை நொறுங்கினால், அதை மறுபடி கட்ட ஊரே கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இழுத்த கோடு

இது உணர்ச்சிப் பேச்சாக மட்டும் நின்றுவிடக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நம் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஆள்கிறது. அதன் 17ஆம் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மை என்று சொல்வது மோசடி. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பதும் மோசடி. இந்த இரண்டாவது வரியைத் தொழில் தொடங்குகிறவர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நிறைவேற்ற முடியாமல் போன வாக்கை அந்தப் பிரிவு மோசடி என்று சொல்லவில்லை. நிறைவேற்றும் எண்ணமில்லாத வாக்கைத்தான் சொல்கிறது.

அதே பிரிவு ஒரு குதிரை விற்பனையை எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஒருவர் தன் குதிரை நோயுள்ளது என்று தெரிந்தே ஏலத்தில் விடுகிறார், ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர் அவருடைய சொந்த மகளாக, அப்போதுதான் வயதுவந்தவளாக இருந்தால், சொல்லியாக வேண்டும். வாங்குபவர், "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று கேட்ட பிறகும் விற்பவர் வாய்மூடி இருந்தால், அந்த மௌனமே பேச்சு. இரண்டு வணிகர்கள் பேரம் பேசும்போது, விலை மாறப்போகிறது என்ற செய்தி ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அதை மற்றவருக்குச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

இதில் எவ்வளவு நுட்பம் பாருங்கள். சமமாக நின்று பேரம் பேசுகிற இருவருக்கிடையே, மறைத்துவைக்கும் உரிமையைச் சட்டம் மதிக்கிறது. உங்கள் கொள்முதல் விலையை, உங்கள் செய்முறையை, அடுத்த மாதத் திட்டத்தை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்களை நம்பித்தான் எதிரில் நிற்கிறார் என்றால், கடமை வந்துவிடுகிறது. நம்பி நிற்பவர் மகளாக இருக்கலாம், கூட்டாளியாக இருக்கலாம், நேராகக் கேள்வி கேட்ட வாடிக்கையாளராகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் கார் என்பவர் 1968இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவியூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வணிகம் சீட்டாட்டம் போன்றது. சீட்டாட்டத்தில் கையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதை யாரும் பொய் என்பதில்லை. வணிகத்துக்கும் அந்த விதியே பொருந்தும் என்பது அவர் வாதம். உலகெங்கும் பலருக்கு அது வசதியான வாதமாகப் போயிற்று. நான் அதை ஏற்கவில்லை. சீட்டாட உட்காருகிறவர் தாமாக உட்காருகிறார். விதி தெரிந்தே பணம் வைக்கிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேற வருகிற வெளியூர்க் குடும்பம் நம் கடை வாசலில் நிற்கும்போது, தாங்கள் ஒரு சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தா நிற்கிறார்கள்? பல மணிநேரம் பயணம் செய்து, முருகனைக் கும்பிட வந்த ஊரில் நம்பி வாங்குகிறார்கள். இரண்டு மொத்த வியாபாரிகள் தங்களுக்குள் பேசும் பேரத்துக்கான விதியை அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்றக் கூடாது.

துணிச்சலும் புனைவும்

பில் கேட்ஸ் கதையை இளைஞர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். 1975இல் ஆல்டேர் என்ற சிறு கணினி வெளிவந்தது. அதற்கான பேசிக் மொழி நிரல் எங்களிடம் இருக்கிறது என்று கேட்ஸும் பால் ஆலனும் அந்தக் கணினியைச் செய்த நிறுவனத்துக்குச் சொன்னார்கள். உண்மையில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பிறகு இரவு பகலாக உட்கார்ந்து ஏறத்தாழ எட்டு வாரத்தில் எழுதி முடித்து, ஆலன் அல்புகர்க்கி நகருக்கு எடுத்துச் சென்று ஓட்டிக் காட்டினார். ஓடியது. அவர்கள் சொன்னது பொய்தான். அதைப் பொய் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு வாரத்தில் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஓட்டிக் காட்டும்வரை அது யாருடைய சேமிப்பையும் பணயம் வைக்கவில்லை. ஓடாமல் போயிருந்தால் போவது இரண்டு இளைஞர்களின் உழைப்பும் பெயரும்தான்.

அதே நாட்டில் எலிசபெத் ஹோம்ஸ் 2003இல் 19 வயதில் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் செய்யலாம் என்றார். கருவி அந்த வேலையைச் செய்யவில்லை. செய்வதாகக் காட்டியே ஆண்டுக்கணக்கில் பணம் திரட்டினார். கடைகளில் மக்களுக்கு இரத்தப் பரிசோதனையும் நடந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022இல் 11 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனைக்குக் காரணம் முதலீட்டாளர் பணம். ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது, அந்த முடிவுத் தாளை நம்பி மருந்து சாப்பிடும் நோயாளியை. கேட்ஸும் இல்லாததை இருக்கிறது என்றார், ஹோம்ஸும் அப்படியே சொன்னார். பொய்யின் வடிவம் ஒன்றுதான். அதன் பாரம் யார் மேல் இறங்கியது என்பதில்தான் மலையும் மடுவுமான வேறுபாடு.

நம் எல்லையைத் தாண்டி ஐதராபாத்துக்குப் போனால் சத்யம் நிறுவனம். அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய பணம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். தொகை 7,000 கோடி ரூபாய்க்கும் மேல். சிறிய இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து கைமீறிப் போயிற்று என்றும், அது புலி மேல் ஏறிய சவாரி ஆகிவிட்டது என்றும் அவரே எழுதினார். இந்த வாக்குமூலத்தைத் தொழில் தொடங்குகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். முதல் காலாண்டில் சொன்ன சின்னப் பொய்யைக் காப்பாற்ற இரண்டாம் காலாண்டில் கொஞ்சம் பெரிய பொய் தேவைப்படுகிறது. நாலு தறி என்று சொல்லி நூல் வாங்கியவர், நாலு தறிக்கான துணியைக் காட்ட வேண்டிய நாள் வந்தே தீரும்.

இன்னும் அருகே வருகிறேன். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் நடத்தியவர்கள், பணம் கட்டினால் குஞ்சு தருகிறோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறோம், வளர்ந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஈமு இறைச்சிக்கு அப்படி ஒரு சந்தையே இங்கு இல்லை. பின்னால் வருகிறவர் கட்டும் பணத்தில் முன்னால் வந்தவருக்குக் கொடுத்து ஓடிய சக்கரம் 2012இல் நின்றது. பத்தாண்டு கழித்து ஆருத்ரா கோல்டு டிரேடிங். மாதம் 25 முதல் 30 விழுக்காடு தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகக் காவல்துறை சொல்கிறது. மாதம் 30 விழுக்காடு என்றால் ஒரு லட்சம் கட்டியவருக்கு நாலு மாதத்தில் போட்ட முதலுக்கு மேல் வந்துவிட வேண்டும். எந்தத் தறியும், எந்த வயலும், எந்தப் பூக்கடையும் அப்படிச் சம்பாதித்துத் தராது. வைப்பாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997லேயே தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் பணம் போன பிறகு வருகிறது. அறம் முன்கூட்டியே வர வேண்டும்.

இப்படிப்பட்ட திட்டங்களில் என்னை அதிகம் வருத்துவது, அவை பரவும் பாதை. அண்ணன் தம்பியிடம் சொல்கிறான், அக்கா தங்கையிடம் சொல்கிறாள், ஆசிரியர் தன் பழைய மாணவனிடம் சொல்கிறார். முகம் தெரியாத நிறுவனத்தின் பொய், முகம் தெரிந்தவரின் வாயால் உண்மையாகிவிடுகிறது. தரகுத் தொகைக்கு ஆசைப்பட்டு உறவைச் சேர்த்துவிடுகிறவர், தனக்குத் தெரியாத ஒன்றுக்குத் தன் பெயரைப் பிணையாக வைக்கிறார்.

செய்யக்கூடியவை

சரி, துணிந்து இறங்கவே கூடாதா? இறங்கத்தான் வேண்டும். 1970இல் 13,000 ரூபாயோடு இராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கிய ஆர்.ஜி.சந்திரமோகன் ஹட்சன் நிறுவனத்தைக் கட்டினார். 1983இல் 15,000 ரூபாயோடு ஷாம்பு வியாபாரத்தில் தனியாக இறங்கிய சி.கே.ரங்கநாதன் கெவின்கேர் நிறுவனத்தைக் கட்டினார். இறங்கும்போது வெல்வோம் என்று அவர்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. துணிவில்லாத ஊரில் தொழில் வளராது. வேலை தேடிப் பிள்ளைகள் ரயிலேறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் கேட்பது துணிவைக் குறைக்கச் சொல்லி அல்ல. அதற்கு உரிய விலையை உரியவரே கொடுக்கச் சொல்லி.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? முதலாவது, நடந்ததையும் நடக்கும் என்று நம்புவதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "ஒரு தறி ஓடுது, தீபாவளிக்குள்ள நாலு போடணும்னு இருக்கேன்" என்பதில் நம்பிக்கையும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. நூல் வியாபாரி குறைவான கடன் கொடுக்கலாம். அந்தக் குறைந்த கடன்தான் உங்களால் அடைக்கக்கூடிய கடன். ஐந்நூறு பேருக்குச் சமைத்ததில்லை என்றால், "பெரிய மாஸ்டர் ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டு செய்யறேன்" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் சோறு பற்றாமல் போனால் தலைகுனிவது பெண் வீட்டார். மேனேஜர் பெயரைச் சொல்லி யோசிக்க அவகாசம் வாங்கும் இளைஞரிடம் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் "நாளைக்குச் சொல்றேன்" என்று தன் பெயரிலேயே சொல்லும் தைரியம் அவருக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இரண்டாவது, வீட்டுக்குள் நடப்பது. நம் பக்கத்தில் முதல் மூலதனம் பெரும்பாலும் மனைவியின் நகை, அம்மாவின் சேமிப்பு, மாமனார் கொடுக்கும் கைமாற்று. நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகும்போது, "மூணு மாசத்துல மீட்டுடுவேன்" என்று மட்டும் சொல்கிறோம். "மீட்க முடியாமலும் போகலாம், அப்படிப் போனா என்ன செய்யறதுன்னு சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்வதில்லை. சட்டத்தின் கண்ணில், மகளிடம் குதிரை விற்கும் தகப்பனுக்கு உள்ள கடமையைவிட இது குறைந்ததா? தங்கைகளே, கழுத்திலிருந்து கழற்றும் முன் கணக்கைக் கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அது கூட்டாளியின் உரிமை.

மூன்றாவது, ஜாமீன் கையெழுத்து. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் என்று சொல்லி நண்பனைக் கையெழுத்துப் போட வைப்பதைப்போல் கொடுமையான பொய் வேறில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பும் ஜாமீன்தாரருக்கு உண்டு. பழையனூர் எழுபது பேருக்குத் தாங்கள் எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்திருந்தது. உங்கள் நண்பருக்குத் தெரியுமா?

நான்காவது, கூலி. வியாபாரம் படுத்த மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது வேலையாளின் சம்பளமாக இருக்கக் கூடாது. இலாபத்தில் பங்கு கேட்காதவர் மேல் நட்டத்தை இறக்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. உரக்கப் பேசுகிறவனுக்கே கடன், பந்தா காட்டுகிறவனுக்கே மரியாதை என்று நாம் நடந்துகொண்டால், நேர்மையாக இறங்குகிறவனையும் பொய் சொல்லத் தூண்டுகிறோம். இருப்பது ஒரு தறிதான் என்று சொன்னவரை, "இவனால ஆகாது" என்று நாம் ஒதுக்கினால், அடுத்த முறை அவர் நாலு என்றுதான் சொல்வார். உண்மையைச் சொன்னவருக்கு நாலு நாள் கூடுதலாகத் தவணை கொடுங்கள். தோற்றுப்போய்க் கணக்கை விரித்துக் காட்டுகிறவரை ஏளனம் செய்யாதீர்கள். தோல்வியை அவமானமாக்குகிற ஊரில்தான் பொய் வளர்கிறது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் என்ற பழமொழியையும், குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வள்ளுவர் காட்டிய இடத்தையும் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. வள்ளுவர் வைத்த நிபந்தனை கடுமையானது. அந்தப் பொய்யால் யாருக்கும் தீங்கு வரக் கூடாது. தன் இலாபத்துக்காகச் சொல்லி, தீங்கைப் பிறர் மேல் தள்ளும் பொய்க்கு அவர் குறளில் இடமே இல்லை. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான்.

தம்பிகளே, தங்கைகளே, நிறைவாக ஒரு வேண்டுகோள். தொழில் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, இது தோற்றால் பணம் இழக்கப்போகிறவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். மற்ற ஒவ்வொருவரிடமும் நேரில் போய், எவ்வளவு போகக்கூடும் என்று சொல்லுங்கள். கேட்ட பிறகு விலகுகிறவர் விலகட்டும். மிஞ்சுகிறவர்கள் கொடுக்கும் பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தோடு நீங்கள் தோற்றாலும் இதே கடைவீதியில் இரண்டாவது முறை கடை திறக்க முடியும்.